காலடித் தடம் சொல்லும் உயரம்

யானையைப் பார்க்காமலே அதன் உயரத்தைச் சொல்லிவிடலாம். முன்னங்கால் தடத்தின் சுற்றளவைக் கயிறு வைத்து அளந்து, இரண்டால் பெருக்கினால் போதும். சுற்றளவு நாலடி என்றால், யானையின் தோள் உயரம் ஏறக்குறைய எட்டடி.

ஆப்பிரிக்கக் காட்டு முகாம்களில் சஃபாரி வழிகாட்டிகளாகப் பயிற்சி பெறுபவர்கள் தடம், சாணம், காற்றடிக்கும் திசை, பறவைகளின் எச்சரிக்கைக் குரல் என்று காட்டையே பாடமாகப் படிக்கிறார்கள். நம் ஓசூர் வனக்கோட்டத்தின் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு இதுதான் அன்றாட வேலை. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம், சுமார் 504 சதுர கிலோமீட்டர், இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக நம் பக்கம் வரும். தொழிற்சாலைகள் நெருங்கிவிட்ட சானமாவு காடு வரைக்கும்கூட வரும். இரவெல்லாம் அவற்றின் பின்னால் நடந்து, ஊருக்கும் யானைக்கும் நடுவே நிற்பவர்கள் இந்தக் காவலர்கள். எவ்வளவு மரியாதை தந்தாலும் அவர்களுக்குத் தகும்.

யானை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால், படம் எடுக்கக் கைப்பேசியோடு ஓடாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள், காவலர் காட்டும் பக்கம் விலகி நில்லுங்கள்.