ரோஷமும் முன்கோபமும்: கூடைப்பந்தில் கோடு விழும் இடம்

என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டம் 94 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட மரத்தளத்தில் நடக்கிறது. அதற்குள் பத்துப் பேர் 48 நிமிடம் முட்டி மோதி ஓடுகிறார்கள். பெரும்பாலோர் ஆறரை அடி உயரமும் நூறு கிலோவை ஒட்டிய எடையும் உள்ளவர்கள். தலைக்கவசமோ மார்புக்கவசமோ கிடையாது. முதல் வரிசை ரசிகர்கள் எல்லைக்கோட்டை ஒட்டியே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வாயிலிருந்து வரும் வசவு ஆட்டக்காரர் காதில் தெளிவாக விழும். ஒரு பருவத்தில் ஓர் அணிக்கு இப்படி 82 ஆட்டங்கள், அதற்கு மேல் பிளே-ஆஃப். இந்த நெருக்கடியில் ரோஷம் இல்லாதவர் நிலைக்க முடியாது. அந்த ரோஷம் எந்த இடத்தில் முன்கோபமாக மாறுகிறது என்பதில்தான் நடுவர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஓயாத வழக்கு.

உடம்போடு உடம்பு மோதுவதை இந்த ஆட்டம் பெரிய குற்றமாகக் கருதுவதில்லை. சாதாரண ஃபவுல் ஆட்டத்தின் அன்றாடச் செலவு. ஆறு சேர்ந்தால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும், அவ்வளவுதான். மோதல் தேவையற்றது என்று நடுவர் கருதினால் அது முதல் நிலை ஃப்ளேக்ரன்ட் ஃபவுல். தேவையற்றதோடு அளவும் மீறினால் இரண்டாம் நிலை. அந்த ஆட்டக்காரர் உடனே ஓய்வறைக்குப் போக வேண்டியதுதான். உடல் மோதலே இல்லாமல் வாயாலும் கையசைவாலும் செய்யும் குற்றத்துக்கு டெக்னிக்கல் ஃபவுல். நடுவரைத் திட்டுவது, எதிராளியைச் சீண்டுவது, பந்தைக் கூட்டத்துக்குள் எறிவது எல்லாம் இதில் அடங்கும். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கிடைக்கும்; ஒரே ஆட்டத்தில் ஒழுங்கீனத்துக்காக இப்படி இரண்டு வாங்கினால் வெளியேற்றம். ஒரு பருவத்தில் முதல் ஐந்துக்குத் தலா 2,000 டாலர் அபராதம், பிறகு படிப்படியாக ஏறும். பதினாறாவது டெக்னிக்கலுக்கு 5,000 டாலரோடு ஓர் ஆட்டத் தடையும் சேர்ந்து வரும்.

அடித்தவர் மனத்தில் என்ன இருந்தது என்று நடுவரால் பார்க்க முடியாது. அவர் பார்ப்பது கையைத்தான். அடிக்கும் முன் கையை ஓங்கினாரா, எவ்வளவு பலமாகப் பட்டது, பட்ட பிறகும் கை தொடர்ந்து வீசப்பட்டதா, தலையில் பட்டதா, எதிராளி அந்தரத்தில் இருந்தாரா என்பவை கேள்விகள். பந்தைத் தட்டப் போன கை முகத்தில் பட்டாலும் அது ஆட்டத்துக்குள் நடந்தது என்று சொல்ல இடமுண்டு. விசில் ஊதிய பிறகு நீளும் கைக்கு அந்தச் சாக்கு கிடையாது. நடைமுறையில் இதுவே கோட்டின் முக்கால் பங்கு.

இந்த விதிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. அடி விழுந்த பிறகு இறுகியவைதான் அதிகம். 1977 டிசம்பர் 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸின் கெர்மிட் வாஷிங்டன் ஒரு தள்ளுமுள்ளுக்கு நடுவே, பின்னாலிருந்து யாரோ ஓடி வருவதை உணர்ந்து திரும்பி ஒரு குத்து விட்டார். ஓடி வந்தவர் ஹூஸ்டன் ராக்கெட்ஸின் ரூடி டாம்ஜனோவிச். அவருடைய முக எலும்புகள் நொறுங்கின. உயிர் பிழைத்ததே பெரிது. வாஷிங்டனுக்கு 10,000 டாலர் அபராதமும் அறுபது நாள் தடையும் கிடைத்தன. அந்த அறுபது நாளுக்குள் அவர் இழந்தது 26 ஆட்டங்கள். பின்னாளில் டாம்ஜனோவிச் பயிற்சியாளராகி 1994, 1995 இரண்டு ஆண்டும் ராக்கெட்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். வாஷிங்டனை உலகம் அந்த ஒரு குத்தால்தான் நினைவில் வைத்திருக்கிறது.

அடுத்த பத்தாண்டில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் முரட்டுத்தனத்தையே திட்டமாக்கிக்கொண்டது. பில் லேம்பியர், டென்னிஸ் ராட்மன் போன்றோர் இருந்த அந்த அணிக்குப் ‘பேட் பாய்ஸ்’ என்றே பெயர். கூடையை நோக்கிப் பாயும் மைக்கேல் ஜோர்டானைத் தரையில் தள்ளுவது அவர்கள் வியூகத்தின் ஒரு பகுதி. 1989, 1990 இரண்டு ஆண்டும் அவர்களே சாம்பியன்கள். 1991இல் ஜோர்டானின் சிகாகோ அவர்களை நான்கு ஆட்டங்களிலும் வீழ்த்தியபோது, நேரம் முடிவதற்குள்ளேயே பல பிஸ்டன்ஸ் ஆட்டக்காரர்கள் கைகுலுக்காமல் எழுந்து போனார்கள். அத்தனை வருட முரட்டு ஃபவுல்களை மன்னித்தவர்கள்கூட அந்த வெளிநடப்பை மன்னிக்கவில்லை. காரணம் எளிது. ஃபவுல் வெற்றிக்காகச் செய்தது. வெளிநடப்பால் யாருக்கும் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும் மிஞ்சியது 2004 நவம்பர் 19. மிச்சிகனின் ஆபர்ன் ஹில்ஸில் இண்டியானா பேஸர்ஸ் 97-82 என்று முன்னிலையில் இருந்தது, மீதம் 45.9 வினாடி. முடிந்துபோன ஆட்டம்தான். அந்த நேரத்தில் ரான் ஆர்டெஸ்ட் செய்த ஒரு ஃபவுலுக்கு டெட்ராய்டின் பென் வாலஸ் அவரைப் பிடித்துத் தள்ள, இரண்டு அணிகளும் கூடிவிட்டன. ஆர்டெஸ்ட் ஒதுங்கிப் போய் ஸ்கோர் மேசையின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டார். அதுவரை அவர் தன்னை அடக்கித்தான் வைத்திருந்தார். கூட்டத்திலிருந்து யாரோ வீசிய பானக் கோப்பை அவர் மேல் விழுந்ததும் எழுந்து ரசிகர்களுக்குள் பாய்ந்தார். ஒன்பது ஆட்டக்காரர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அதில் ஆர்டெஸ்டுக்குப் பருவத்தின் மிச்சம் முழுவதும், பிளே-ஆஃப் சேர்த்து 86 ஆட்டங்கள். முந்தைய பருவத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கியவர் அவர் என்பதை மறந்துவிடக் கூடாது. எதிராளியை மூச்சுவிட விடாத அதே பிடிவாதம்தான் அன்று கூட்டத்துக்குள் பாய்ந்தது. 2010இல் லேக்கர்ஸோடு கோப்பை வென்றதும் தொலைக்காட்சியில் அவர் தன் மனநல மருத்துவருக்கு நன்றி சொன்னார்.

கோபம் ஆட்டக்காரருக்கு மட்டுமே சொந்தம் என்றும் சொல்ல முடியாது. முகத்தில் சலனமே காட்டாத சான் ஆன்டோனியோவின் டிம் டங்கனை 2007 ஏப்ரலில் நடுவர் ஜோயி கிராஃபர்ட் வெளியேற்றினார். பெஞ்சில் உட்கார்ந்து சிரித்ததுதான் குற்றம்! அந்தப் பருவத்தின் மிச்சத்துக்கு லீக் தடை விதித்தது நடுவருக்கு.

வாய்ச்சண்டைக்கு ரஷீத் வாலஸ் தனி உதாரணம். 2000-01 பருவத்தில் போர்ட்லண்ட் அணிக்காக ஆடியபோது 41 டெக்னிக்கல் ஃபவுல்கள் வாங்கினார். அந்தச் சாதனையை யாரும் நெருங்கவில்லை, பதினாறில் தடை என்ற விதி பிற்பாடு வந்ததால் இனி நெருங்குவதும் கடினம். ஆனால் 2004இல் பருவத்தின் நடுவே டெட்ராய்டுக்கு மாறிய அதே வாலஸ் அந்த அணியின் கோப்பைக்குத் தூணாக நின்றார். வாய் மாறவில்லை. அவர் கத்தியது பெரும்பாலும் நடுவரைப் பார்த்துத்தான். சக ஆட்டக்காரர்களுக்கு அவர் பிடித்தமானவராகவே இருந்தார்.

இன்றைய தலைமுறையில் இந்தக் கோட்டின் இரு பக்கமும் கால் வைத்து நிற்பவர் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன். 2012 தேர்வில் 35ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், தன்னைவிட உயரமானவர்களைத் தடுத்தே 2017இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். அவர் இல்லாமல் அந்த அணியின் நான்கு கோப்பைகள் இல்லை. ஒரு கோப்பை கைநழுவியதிலும் அவருக்குப் பங்குண்டு. 2016 இறுதிச் சுற்றில் 3-1 என்று முன்னிலையில் இருந்தபோது லெப்ரான் ஜேம்ஸுடன் மோதியதற்காக அவர் மேல் ஃப்ளேக்ரன்ட் ஃபவுல் பதிவானது. முன்பே சேர்ந்திருந்த ஃப்ளேக்ரன்ட் புள்ளிகளோடு கணக்கு எல்லையைத் தாண்டியதால் ஐந்தாவது ஆட்டத்தில் அவர் ஆட முடியவில்லை. வழக்கமான பருவத்தில் 73 வெற்றி பெற்றிருந்த அணி தொடரை 4-3 என்று லெப்ரானின் கிளீவ்லண்டிடம் தோற்றது.

2022 அக்டோபரில் பயிற்சியின்போது கிரீன் சக ஆட்டக்காரர் ஜோர்டன் பூலை முகத்தில் குத்தினார். பயிற்சியாளர் ஸ்டீவ் கெர். 1995இல் சிகாகோ அணியின் பயிற்சியில் ஜோர்டானிடம் முகத்தில் குத்து வாங்கியவர் இதே கெர்தான்! அன்று கெர் எதிர்த்து நின்றார், ஜோர்டான் மன்னிப்புக் கேட்டார், இருவருக்குள்ளும் மதிப்பு கூடியது. 1997 இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் ஜோர்டான் நம்பித் தந்த பந்தை கெர் வெற்றிப் புள்ளியாக்கினார். அந்தக் கதையை வைத்து ‘குத்தும் ஓர் உறவுதான்’ என்று பேசுவோர் உண்டு. கிரீன்-பூல் விவகாரம் அப்படி முடியவில்லை. கிரீனுக்கு அபராதம் போட்டார்களே தவிர தடை விதிக்கவில்லை. 2023 கோடையில் பூல் வாஷிங்டன் அணிக்கு அனுப்பப்பட்டார், கிரீனுக்கு நான்கு ஆண்டுக்கு 10 கோடி டாலரில் புதிய ஒப்பந்தம் கிடைத்தது. அந்த நவம்பரில் ரூடி கோபேரின் கழுத்தைப் பிடித்து இழுத்ததற்காக ஐந்து ஆட்டத் தடை. டிசம்பரில் யூசுஃப் நுர்கிச்சை முகத்தில் அடித்ததற்காகக் காலவரையற்ற தடை, அது பன்னிரண்டு ஆட்டங்களோடு நீக்கப்பட்டது. ஆக, புதிய ஒப்பந்தத்தின் முதல் பருவத்தில் மட்டும் தடைகளால் 17 ஆட்டங்களுக்கு அவர் களத்தில் இல்லை.