பெட்டிக்குள் அடைபட்ட காற்று

வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் தேரோடும் காலத்திலும், பாகூரில் மூலநாதர் கோயில் விசேஷ நாட்களிலும் கம்பத்துக்குக் கம்பம் கட்டப்படும் குழாய் ஒலிபெருக்கியைக் கேட்டு வளர்ந்தவர்கள், ஒலிபெருக்கி என்றாலே ஊர் முழுவதற்கும் எட்டும் சப்தம் என்று எண்ணிக்கொள்வது இயல்பே. அற்ப மின்சக்தியைக் கொண்டு வயல்வெளி தாண்டியும் குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சாமர்த்தியம் அந்தக் குழாய்க்கு உண்டு. ஆயினும் கனத்த நாதத்தை எழுப்புவதற்கு வேண்டிய நீளமும் வாயகலமும் அதற்கு இல்லாமையால், மிருதங்கத்தின் தொப்பியிலிருந்து பிறக்கும் ஆழ்ந்த ஒலியை அது ஏறக்குறைய விட்டேவிடுகிறது. கூடத்தில் அமர்ந்து ஒரு கச்சேரியை நிதானமாகக் கேட்க விரும்புகிறவருக்கு வேண்டிய சாதனம் வேறு. அதைத் தச்சுவேலையில் சிறிது பழக்கமுள்ள எவரும் தம் கையாலேயே செய்துகொள்ளலாம். செய்து பார்க்கவும் வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் 1925-ஆம் ஆண்டில் வெளியிட்ட அமைப்பே இன்றைக்கும் வீட்டு ஒலிபெருக்கிகளுக்கு ஆதாரம். காந்தத்தின் நடுவே வட்டமான ஒரு குறுகிய இடைவெளி. அதில் தொங்கும் மெல்லிய கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. சுருளில் பாயும் மின்சாரம் திசை மாறி மாறி ஓடும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. திருக்கனூர்க் கைவினைஞர்கள் பொம்மை செய்யும் காகிதக்கூழே, வலைமீது வார்த்து உலர்த்தினால் இந்தக் கூம்பாகும். இலேசாகவும் விறைப்பாகவும் இருந்து, தன் சொந்த அதிர்வை விரைவில் அடக்கிக்கொள்ளும் குணத்தால், எத்தனையோ புதுப் பொருள்கள் வந்த பின்னும் காகிதம் தன் ஸ்தானத்தை இழக்கவில்லை. காந்தமும் கூம்பும் சேர்ந்த இந்த ஸ்பீக்கரை நாம் கடையில்தான் வாங்கவேண்டும். நாம் செய்வது அதன் பெட்டியை.

பெட்டி வெறும் அலங்காரம் என்று நினைப்பவர் ஒரு சிறு பரீக்ஷை செய்து பார்க்கட்டும். நாலு அங்குல ஸ்பீக்கர் ஒன்றை வெறுமனே கையில் பிடித்துப் பாட்டை ஓடவிட்டால், குரல் தகரத்தில் தட்டியதுபோல் ஒல்லியாகக் கேட்கும். அதையே, வட்டமாகத் துளையிட்ட ஓர் அகலமான பலகையின் பின்னால் அழுத்திப் பிடித்த அந்த க்ஷணத்தில், இல்லாத கனம் எங்கிருந்தோ வந்து சேரும். காரணம் இதுதான்: கூம்பு முன்னால் நகரும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது, பின்புறக் காற்று தளர்கிறது, இரண்டும் விளிம்பைச் சுற்றி ஒன்றையொன்று சந்தித்து ஈடுகட்டிக்கொள்கின்றன. வினாடிக்கு 50 தரம் அதிரும் ஒலியின் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம் உடையதாகையால், கனத்த ஒலிகளே இப்படி அதிகமாக அழிந்துபோகின்றன. முன்னொலியையும் பின்னொலியையும் பிரித்துவைக்கும் சுவரே பெட்டி.

முற்றிலும் அடைத்த பெட்டிக்கு மற்றொரு குணமும் உண்டு. வாயை விரலால் அடைத்த சைக்கிள் பம்பு, கைப்பிடியைத் திருப்பித் தள்ளுவதுபோல, உள்ளே அடைபட்ட காற்று கூம்பைத் தன் இடத்துக்கு மீட்கிறது. இந்தக் காற்றையே வில்லாகக் கொண்டு, சிறு பெட்டியிலும் ஆழ்ந்த நாதத்தை வரவழைக்கலாம் என்று எட்கர் வில்ச்சூர் 1954-இல் செய்து காட்டினார். எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் காற்று பொருந்தும் என்பதைக் கணக்கிடும் வழியை ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961-இல் வகுத்தார். பின்னர் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். அவர்கள் பெயரால் வழங்கும் அளவுகளை அச்சிட்டுத் தரும் ஸ்பீக்கரையே வாங்குங்கள்.

உதாரணமாக 8 லிட்டர் வேண்டுமானால், உள்ளளவு 16, 20, 25 சென்டிமீட்டர் இருக்கும்படி 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை அறுத்துத் தரும்படி ஆசாரியிடம் கேட்கலாம். மூட்டுகளில் ஃபெவிகால் தாராளமாக இருக்கட்டும். இங்கே அழகைவிடக் காற்றுப் புகாமையே பிரதானம். உள்ளே தலையணைப் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால், பலகைகளுக்கிடையே மோதித் திரியும் ஒலி அடங்கும். ஸ்பீக்கரைப் பொருத்தும்போது திருப்புளியைக் காந்தம் வெடுக்கென்று இழுத்துக் காகிதத்தைக் கிழித்துவிடக்கூடுமாகையால், கூம்பின்மேல் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு திருகுவது நல்லது. முடிந்தபின் கூம்பை இரண்டு விரல்களால் மெல்ல அழுத்தி, சிறிது நேரம் அப்படியே பிடித்திருந்து விடுங்கள். அது நிதானமாகத் திரும்பினால் பெட்டி நன்றாக அடைபட்டிருக்கிறது, சட்டென்று திரும்பினால் எங்கோ காற்று கசிகிறது.

பிறகு 1.5 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளை ஒயர்களில் ஒரு கணம் தொட்டுப் பார்க்கவேண்டும். கூம்பு வெளியே வரும்போது பேட்டரியின் பிளஸ் முனை எந்த ஒயரில் இருந்ததோ, அதற்குச் சிவப்பு அடையாளம் இடுங்கள். இரண்டு பெட்டிகளில் ஒன்று மட்டும் தலைகீழாக இணைந்துவிட்டால், கையிலே பிடித்த ஸ்பீக்கரின் கதைதான் மறுபடியும் நடக்கும்: ஒன்று தள்ள மற்றொன்று இழுக்க, கனத்த ஒலி அறையிலேயே மறைந்துபோகும்.

சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூரில் இருந்துகொண்டு மரத்தைப் பற்றி மாத்திரம் பேசுவது நியாயமாகாது. சக்கரத்தில் வனைந்த உருண்டைக் கலம் தட்டைப் பலகையைவிட விறைப்பானது. ஒன்றுக்கொன்று இணையான தட்டைச் சுவர்களும் அதில் இல்லை. ஆனால் சுட்ட மண் தட்டினால் ரீங்கரிக்குமாதலால், உட்சுவரில் தடித்த துணியோ ரப்பரோ ஒட்டவேண்டும். காயும்போதும் சூளையில் வேகும்போதும் மண் சுருங்கும் என்பதால், துளையைப் பச்சை மண்ணிலேயே சற்றுப் பெரிதாக வெட்டிவிடவேண்டும். இதை இரண்டாவது முயற்சியாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் முயற்சிக்கு அடைத்த மரப்பெட்டியும், பெட்டிக்கு ஒரே ஒரு ஸ்பீக்கரும், கடையில் வாங்கிய ஒரு சிறு ஆம்ப்ளிஃபையரும் போதும். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் மட்டும், ஆரம்பத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து கைவைக்க வேண்டாம்.