தனிமையைச் சுட்டும் சொற்கள்

ஒரே பொருளைத் தருவனபோலத் தோன்றும் சொற்களை ஒப்பிட்டு நோக்கினால், ஒவ்வொன்றும் தனக்கெனப் பொருள் எல்லையைக் கொண்டிருப்பது புலப்படும். தனிமை, புலம்பு, தமி, ஏகாந்தம் ஆகிய நான்கும் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

'தனிமை' என்பது 'தனி' என்னும் அடியிலிருந்து பிறந்த சொல். பிறர் உடனில்லாத நிலையை அது சுட்டுகிறது. அந்நிலை இன்பமா, துன்பமா என்பதை உரைப்பதில்லை. 'தனிமையில் மகிழ்ந்தான்', 'தனிமையில் வாடினான்' என்னும் இரு தொடர்களிலும் அச்சொல் பொருந்துவதைக் காண்க.

'புலம்பு' துன்பச் சார்புடையது. தொல்காப்பிய உரியியல் இச்சொல்லுக்குத் தனிமை எனப் பொருள் கூறுகிறது. பொருள் வெளிப்படையாக விளங்காத சொற்களையே உரியியல் எடுத்து விளக்கும். எனவே, அக்காலத்திலேயே புலம்பு விளக்கம் வேண்டிய சொல்லாகவும், தனிமை யாவரும் அறிந்த சொல்லாகவும் இருந்தமை தெளிவு. சங்க அகப்பாடல்களில் பிரிந்தோர் எய்தும் துணையற்ற நிலையைப் புலம்பு உணர்த்துகிறது. இன்று அப்பொருள் வழக்கொழிந்தது. ஆற்றாமையால் அரற்றுதல் என்னும் பொருளே நிலைத்துள்ளது.

'தமி' என்பது தமியன், தமியள், தமியர் எனப் பால்காட்டும் ஈறுகளை ஏற்று, தனித்திருக்கும் ஆளையே சுட்டும். ஈட்டிய பொருளைப் பிறர்க்கு ஈயாமல் தாமே உண்பது இரத்தலினும் கொடிது என்று கூறுமிடத்தில், வள்ளுவர் 'தமியர்' என்னும் சொல்லை ஆள்கிறார். அங்குத் தனிமை, பிறரால் நேர்ந்ததன்று. பகிர மனமின்றித் தாமே தேடிக்கொண்டது.

'ஏகாந்தம்' வடசொல். விரும்பி ஏற்கும் அமைதியை அது குறிக்கும். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, ஏகாந்தத்தை இனியவற்றுள் ஒன்றாக வைக்கிறது. 'ஏகாந்தத்தில் வாடினான்' என்று எழுதினால் தொடர் பொருந்தாது.

இன்று இவ்வேறுபாடுகள் அனைத்தையும் 'தனிமை' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம். வகுப்பில் ஒருவர் விலகி அமர்ந்திருந்தால், 'தனிமையை விரும்புபவர்' என்று கூறிக் கடந்துவிடுகிறோம். அவர் ஏகாந்தத்தில் இருப்பின் இடையூறு செய்யாதிருத்தல் பண்பு. புலம்பில் இருப்பின் அருகே சென்று அமர்தல் கடன். புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. ஆதலால், எது என்பதை அவரிடமே அன்போடு கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு கேட்கத் தோன்றுவதற்கு, இரண்டும் வேறு என்னும் தெளிவு முதலில் தேவை. அத்தெளிவைத் தருவது சொல்லறிவு.