புரொஜெக்டரில் பிலிம் ஏன் தொய்ந்து நிற்கிறது?

பழைய பிலிம் புரொஜெக்டரைத் திறந்து பாருங்கள். லென்ஸுக்குப் பின்னால், பிலிம் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் அது விறைப்பாக இல்லாமல் வளைந்து தொய்ந்து நிற்கும். சரியாக மாட்டவில்லை என்று யாராவது இழுத்துவிட்டால் போச்சு, பிலிம் கிழிந்துவிடும்.

ஏன்? ஒவ்வொரு படமும் வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு வெடுக்கென்று அடுத்தது வர வேண்டும். இப்படி வினாடிக்கு 16 தடவை, 24 தடவை. கனத்த சுருளோ அந்த வேகத்தில் நின்று நின்று சுழலாது. நடுவில் மாட்டிக்கொண்டு இழுபடுவது செல்லுலாயிட் பிலிம்தான், பாவம். சுருள் நீளநீள எடை கூடும், பிலிம் அறுந்துவிடும். அதனால்தான் ஆரம்ப காலப் படங்கள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

நியூயார்க்கில் உட்வில் லேதமும் அவர் மகன்களும் குத்துச்சண்டையைப் படம்பிடிக்க ஆசைப்பட்டார்கள். சண்டை நடுவே சுருள் மாற்ற முடியுமா? 1895-இல் அவர்கள் பட்டறையில் வழி பிறந்தது. தனியாக ஒரு பற்சக்கரம் சுருளிலிருந்து பிலிமைச் சீராக உருவித் தொய்வாக விடும். வெடுக்கென்ற இழுப்பு அந்தத் தொய்வோடு நின்றுவிடும், சுருளுக்குத் தெரியவே தெரியாது. யோசனை எடிசனிடம் வேலை பார்த்த டிக்சனுடையதா, லேதம் பட்டறையில் இருந்த லோஸ்தினுடையதா என்பது தீராத வழக்கு. பெயர் என்னவோ 'லேதம் வளைவு'.

1897 மார்ச் 17, நெவாடாவின் கார்சன் சிட்டி. கார்பெட்டும் ஃபிட்ஸ்சிம்மன்ஸும் மோதிய குத்துச்சண்டைப் பந்தயம், அந்த வளைவின் புண்ணியத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படமானது. 14-வது சுற்றில் கார்பெட்டைச் சாய்த்த அந்த வயிற்றுக்குத்தும் அதில் இருந்தது.