ஐந்தரை மணி ஏன் இரண்டு வரியில்? டைம் ஸோன் பட்டியலும் சிவப்பாகும் டெஸ்ட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்தப் பட்டியலை ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். விண்டோஸில் தேதி, நேரம் அமைக்கும் இடத்தில் டைம் ஸோன் என்ற பெட்டியைத் திறந்தால் உலக நகரங்களின் பெயர்கள் வரிசையாக வரும். அதில் +05:30 என்ற வரியில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி ஆகிய பெயர்கள் இருக்கும். பக்கத்திலேயே இன்னொரு வரி. அதுவும் +05:30 தான். ஆனால் ஊர்ப் பெயர் ஸ்ரீ ஜயவர்த்தனபுர. இலங்கைக்கு உரிய வரி அது.

இரண்டு இடத்திலும் நேரம் ஒன்றுதானே, எதற்கு இரண்டு வரி என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துகொண்டால், ஒரு அப்டேட் வந்த மறுநாள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் ஏன் தடுமாறுகிறது என்பதும் புரிந்துவிடும்.

கடிகாரம் வேறு, பட்டியல் வேறு

கம்ப்யூட்டரின் மதர்போர்டில் பொத்தான் வடிவத்தில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். ஆனால் இந்தக் கடிகாரத்துக்கு ஊர் தெரியாது, நாடும் தெரியாது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு போன்றவை நேரத்தை ஒரு எண்ணிக்கையாக மட்டுமே வைத்துக்கொள்கின்றன. 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து, யு.டி.சி. என்னும் உலகப் பொது நேரப்படி எத்தனை வினாடிகள் ஆயின என்ற கணக்கு அது.

அந்த எண்ணிக்கையைச் 'சிதம்பரத்தில் காலை 9 மணி' என்று காட்ட ஒரு பட்டியல் தேவை. எந்த நாட்டில் எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு நேரம் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். உலகம் முழுவதும் பயன்படும் அந்தப் பட்டியலுக்கு டிஇஸட் டேட்டாபேஸ் என்று பெயர். அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் 1986-ல் தொடங்கி வைத்தது. பால் எக்கர்ட் பல ஆண்டுகளாக ஒருங்கிணைத்து வருகிறார். 2011 முதல் ஐயானா என்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் மேக், ஜாவா எல்லாம் இதைத்தான் நம்பியிருக்கின்றன. விண்டோஸ் மட்டும் மைக்ரோசாஃப்ட் தயாரிக்கும் தனிப் பட்டியலை வைத்திருக்கிறது.

சிதம்பரம், கடலூர் என்றெல்லாம் இதில் தேடாதீர்கள். இந்தியா முழுவதற்கும் ஒரே பெயர், ஆசியா/கொல்கத்தா. முன்பு ஆசியா/கல்கத்தா என்று இருந்ததை 2008-ல் மாற்றினார்கள். பழைய பெயரைக் கொடுத்தாலும் வேலை செய்யும்.

ஒரே உச்சி வெயில், இரண்டு மணி

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சிதம்பரத்துக்கு நேர் தெற்கே போனால் கொழும்புக்குப் பக்கத்தில் போய்ச் சேருவோம். சிதம்பரம் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 79.7 டிகிரியில். கொழும்பு 79.85 டிகிரியில். சூரியன் ஒரு டிகிரியைக் கடக்க 4 நிமிடம் ஆகிறது. ஆகவே கொழும்பில் உச்சிக்கு வரும் சூரியன் ஒரு நிமிடத்துக்குள் சிதம்பரத்திலும் உச்சிக்கு வந்துவிடும்.

சூரியன் கணக்கில் இரண்டு ஊருக்கும் வித்தியாசமே இல்லை. கடிகாரக் கணக்கு வேறு. 1996-ல் இலங்கையில் மின்சாரத் தட்டுப்பாடு. விளக்கு எரியும் நேரத்தைக் குறைக்க அந்த ஆண்டு மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஐந்தரை ஆறரை ஆயிற்று. அக்டோபர் 26 அன்று அரை மணி குறைத்து ஆறு ஆக்கினார்கள். அதற்குப் பிறகு ஒன்பதரை ஆண்டுகள் கொழும்பு நம்மைவிட அரை மணி முன்னால் ஓடியது. 2006 ஏப்ரல் 15, சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், மீண்டும் ஐந்தரைக்கே வந்தார்கள்.

அந்த வருடங்களில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் புதிய நேரத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே தொடர்ந்தது. ஒரே தீவில் இரண்டு மணி. ஆனால் பட்டியலில் இலங்கைக்கு ஆசியா/கொழும்பு என்ற ஒரே பெயர்தான்.

இதனால் இரண்டு விசித்திரங்கள் உண்டாயின. 1996 மே 25 அன்று நள்ளிரவு 12 முதல் 1 மணி வரை கொழும்பில் ஒரு நேரமே இல்லை. 2006 ஏப்ரல் 15 அன்று 12 முதல் 12.30 வரை இரண்டு தடவை வந்தது. 'இரவு 12.10-க்குப் பேசினேன்' என்று ஒருவர் சொன்னால் எந்த 12.10 என்று கேட்க வேண்டும்.

இப்போது பட்டியலின் இரண்டு வரிகளுக்கு வருவோம். இன்றைக்கு நேரம் ஒன்றானாலும் முடிவெடுப்பது இரண்டு அரசுகள். நாளைக்கே ஒன்று மாற்றினால் மற்றது மாறாது. அதனால்தான் தனித்தனி வரி.

டெஸ்ட் என்றால் என்ன?

புரோகிராம் எழுதும் இடங்களில் அதைச் சோதிக்க இன்னொரு சின்ன புரோகிராமும் எழுதுவோம். அதற்குப் பெயர் டெஸ்ட். கேள்வியும் சரியான விடையும் முன்பே எழுதப்பட்டிருக்கும். தினமும் இரவில் தானாக ஓடும். விடை பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு.

'கொழும்பில் காலை 9 என்றால் சிதம்பரத்தில் மணி என்ன?' இது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். 2005-ல் எழுதியவர் 8.30 என்று விடை எழுதியிருப்பார். 2006 ஏப்ரலில் புதிய பட்டியல் வந்ததும் புரோகிராம் 9.00 என்று சொல்லும். டெஸ்ட் சிவப்பு. புரோகிராமில் ஒரு எழுத்தைக்கூட யாரும் தொடவில்லை.

விடையை 9.00 என்று திருத்தினால் போதுமா? போதாது. 2003-ல் நடந்த ஒரு பணப் பரிமாற்றத்தைத் தேடும்போது 8.30 தான் சரி. கேள்வியில் தேதி இல்லாததுதான் கோளாறு. 2006 ஏப்ரல் 10 அன்று கேட்டால் 8.30, ஏப்ரல் 20 அன்று கேட்டால் 9.00. இரண்டையும் சோதிப்பதுதான் சரியான டெஸ்ட்.

மெக்ஸிகோவில் முடிவு, இங்கே சிவப்பு

நான் சிதம்பரத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் குழுவுக்கு வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் சந்திப்பு நேரம் பதிவு செய்யும் புரோகிராம் எங்களுடையது. 2022 அக்டோபர் கடைசியில் மெக்ஸிகோ ஒரு சட்டம் போட்டது. நாட்டின் பெரும்பகுதியில் இனிமேல் கோடைக்காலத்தில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவது கிடையாது என்று. சில நாட்களிலேயே புதிய பட்டியல், 2022எஃப், வெளியானது. எங்கள் சர்வர்களுக்கும் வந்தது. மறுநாள் காலை ஒரு டெஸ்ட் சிவப்பு.

மெக்ஸிகோ சிட்டியில் 2023 ஜூலை 3 காலை 9 மணி என்றால் இந்தியாவில் இரவு 7.30 என்று அதில் எழுதியிருந்தது. புதிய சட்டப்படி 8.30. "அப்டேட்டை எடுத்துட்டு பழைய பட்டியலைப் போட்டுடலாம், பச்சையாயிடும்" என்றார் குழுவில் ஒருவர். "பச்சையாயிடும் சார், ஆனா ஜூலையில எல்லாரும் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து உட்காருவாங்களே" என்றேன்.

கடைசியில் மூன்று வேலைகள் செய்தோம். கூட்டல் கழித்தல் சரியா என்று பார்க்கும் டெஸ்ட்டுகளுக்கு மாறாத ஒரு பழைய பட்டியலைத் தனியாக வைத்தோம். உண்மையான புதுப் பட்டியலைச் சோதிக்க வேறு டெஸ்ட்டுகள் எழுதினோம். அவை சிவப்பானால் 'உலகத்தில் ஏதோ மாறியிருக்கிறது, பார்' என்று அர்த்தம். மூன்றாவதுதான் முக்கியம். வருங்காலச் சந்திப்பை யு.டி.சி.க்கு மாற்றிச் சேமிக்காமல், 'மெக்ஸிகோ சிட்டி, ஜூலை 3, காலை 9' என்று அப்படியே சேமித்தோம். அரசு முடிவை மாற்றினாலும் அவர் ஊர்க் கடிகாரத்தில் 9 மணி 9 மணிதான்.

போன காலமும் மாறும்

வருங்காலம் மாறுவது சரி, பழைய தேதிகள் எப்படி மாறும் என்கிறீர்களா? யாராவது பழைய அரசாணையையோ செய்தித்தாளையோ கண்டுபிடித்தால் பட்டியலில் பழைய வரியும் திருத்தப்படும். ஷாங்காய் நகரத்தில் 1927 கடைசி நாளில், ஒரு வினாடி இடைவெளிக்கு ஜாவா 353 வினாடி என்று விடை சொன்னது 2011-ல் புரோகிராமர்களிடையே பிரபலம். 2014-ல் பட்டியலைத் திருத்தியபோது அந்தத் தாவல் 1900-ம் ஆண்டுக்குப் போய்விட்டது. 1927-ஐ நம்பி எழுதிய டெஸ்ட்டுகள் வீண்.

நம் ஊரிலும் இதற்கு இடம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின. ஐந்தரைக்குப் பதில் ஆறரை. கடலூரில் 1943 ஜூன் 10 அன்று பிறந்த ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம். பிறந்த தேதியை ஒரு புரோகிராம் 'ஜூன் 10 நள்ளிரவு' என்று எடுத்துக்கொண்டு, பட்டியலைப் பார்த்து ஆறரை மணி கழித்து, யு.டி.சி.யில் சேமிக்கிறது. இன்னொரு புரோகிராம் பட்டியலைப் பார்க்காமல் வெறும் ஐந்தரை கூட்டிக் காட்டுகிறது. விடை ஜூன் 9 இரவு 11 மணி. பிறந்த நாள் ஒரு நாள் முன்னே போய்விட்டது. ஆதாரில் ஒரு தேதி, பென்ஷன் விண்ணப்பத்தில் இன்னொரு தேதி என்றால் அலைவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறந்த தேதிக்கு மணியே வேண்டாம், தேதியாக மட்டும் சேமிக்க வேண்டும். இந்தக் காலத் தேதி ஒன்றையும் டெஸ்ட்டில் சேர்ப்பது நல்லது.

மூன்று நாள் முன்னறிவிப்பு

சில அரசுகள் அவகாசமே கொடுப்பதில்லை. 2023 மார்ச் 26 அன்று லெபனான் கடிகாரத்தை முன்னே தள்ளியிருக்க வேண்டும். ரம்ஜான் முடியும் வரை தள்ளிவைக்கிறோம் என்று மார்ச் 23 அன்று அரசு சொன்னது. பட்டியல் 2023பி வந்தது. கிறிஸ்தவ அமைப்புகள் ஏற்க மறுக்க, நாட்டில் இரண்டு நேரம். 27-ம் தேதி அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. மறுநாள் 2023சி. ஒரே வாரத்தில் இரண்டு அப்டேட். இடையில் டெஸ்ட்டைத் திருத்தியவர்கள் திரும்பவும் திருத்த வேண்டியதாயிற்று.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

1. ஸ்டார்ட், செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம் என்று போங்கள். டைம் ஸோனில் சென்னை, கொல்கத்தா இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். இலங்கை வரியைத் தேர்ந்தெடுத்தாலும் இன்றைக்கு மணி சரியாகத்தான் காட்டும். ஆனால் பிரௌசரில் ஓடும் புரோகிராம்கள் உங்களைக் கொழும்பு என்று எடுத்துக்கொள்ளும். 2000-ம் ஆண்டுத் தேதியைக் கணக்கிட்டால் அரை மணி தவறும்.

2. மணி தவறாக இருந்தால் எவ்வளவு தவறு என்று பாருங்கள். மிகச் சரியாக அரை மணி, ஒரு மணி, ஐந்தரை மணி என்று இருந்தால் டைம் ஸோன் கோளாறு. சில நிமிடங்கள் மட்டும் தவறினால் அதே இடத்தில் சிங்க் நவ் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பும் ஒவ்வொரு முறையும் பழைய வருடம் வந்தால் மதர்போர்டு பேட்டரியை மாற்றுங்கள். செலவு அதிகமில்லை.

3. டைம் ஸோன் தவறாக இருக்கும்போது மணியைக் கையால் நகர்த்தி ஒப்பேற்றாதீர்கள். பார்க்கச் சரியாக இருக்கும். உள்ளே யு.டி.சி. கணக்கு தவறிவிடும். இமெயில் நேரம் மாறும். நேரம் அதிகம் தவறினால் சில வெப்சைட்டுகள் பாதுகாப்புக் காரணம் சொல்லித் திறக்காது.

4. அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். புதிய பட்டியல் அந்த வழியாகத்தான் வருகிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரை வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

5. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவரோடு நேரம் பேசும்போது ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'சிங்கப்பூர் நேரம் இரவு 8' என்றால் குழப்பமில்லை. 1982-க்கு முன்பு சிங்கப்பூர் நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னால் இருந்தது, இப்போது இரண்டரை மணி என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது புரோகிராம் தவறான மணி காட்டினால் உடனே அப்டேட்டைத் திட்ட வேண்டாம். பெரும்பாலும் பட்டியல் சரியாக இருக்கும், அதை மதிக்காத புரோகிராம்தான் பின்தங்கியிருக்கும். எந்த ஊர், எந்தத் தேதி, எவ்வளவு வித்தியாசம் என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு தயாரித்தவர்களுக்கு எழுதுங்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால் கோளாறைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்காது.