திட்டம் தயார், கணக்குப் பார்ப்பது யார்?

டெல்லி லோதி ரோடு பக்கம் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம், லோதி எஸ்டேட்டில் இருக்கும் டெல்லி தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி. அதே சாலையில் கட்டடக் கலைஞர் ஜோசஃப் ஆலன் ஸ்டைன் வடிவமைத்த இந்தியா ஹாபிடாட் சென்டர் நிற்கிறது. செங்கல் நிறக் கட்டடங்கள், அவற்றுக்கு நடுவே முற்றங்கள், வெயிலைத் தடுக்கத் தலைக்கு மேலே நீல நிறச் சட்டங்கள். நாடகம், கண்காட்சி என்று வருபவர்கள்தான் அதிகம். ஆனால் மாடிகளில் இருக்கும் அலுவலகங்கள் நாட்டின் நகரங்களைப் பற்றி யோசிப்பவை. வீட்டுவசதிக்கு நிதி தரும் அரசு நிறுவனமான ஹட்கோ இங்கே இருக்கிறது. டெல்லி நகர்ப்புறக் கலை ஆணையமும், தேசிய நகர்ப்புற விவகார நிறுவனமும் இங்கேதான். டெல்லிக்கான 2041 மாஸ்டர் பிளான் வரைவை டெல்லி வளர்ச்சி ஆணையத்துடன், அதாவது டிடிஏவுடன் சேர்ந்து உருவாக்கியது இந்த நிறுவனம்.

எந்த நிலத்தில் வீடு, எங்கே கடை, எங்கே பூங்கா, எத்தனை மாடி என்று இருபது வருடத்துக்கு முன்கூட்டியே சட்டப்படி வகுத்து வைப்பதுதான் மாஸ்டர் பிளான். 1957-ல் டிடிஏ பிறந்தது. முதல் மாஸ்டர் பிளான் 1962 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 1981-ல் நகர்ப்புற டெல்லியில் 46 லட்சம் பேர் இருப்பார்கள் என்று அது கணக்குப் போட்டது. 1981 வந்தபோது ஏறக்குறைய 57 லட்சம் பேர் இருந்தார்கள். கூடுதலாக வந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அந்தத் திட்டத்தில் வீடும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. அவர்களே இடம் தேடிக் குடியேறினார்கள். டெல்லியில் அங்கீகாரமற்ற காலனிகள் பெருகியதற்கு இது முக்கியமான காரணம். 2019-ல் குடியிருப்பவர்களுக்குச் சொத்துரிமை தர மத்திய அரசு முன்வந்தபோது, அப்படிப்பட்ட காலனிகளின் பட்டியல் 1,731 ஆக நீண்டிருந்தது.

கணிப்பு தவறுவது பெரிய குற்றமில்லை. இருபது வருடம் கழித்து நடக்கப்போவதை யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. தவறுகிறது என்பது ஐந்தாம் வருடமே தெரிய வேண்டும், தெரிந்ததும் திருத்த வேண்டும். டெல்லியில் நடந்தது வேறு. 2001 வரைக்குமான இரண்டாவது பிளான் 1990-ல்தான் அறிவிக்கப்பட்டது. 2021-க்கான மூன்றாவது பிளான் வந்தது 2007 பிப்ரவரியில். அதற்குள் அதன் இருபது வருடத்தில் ஆறு வருடம் கழிந்துவிட்டது.

இந்த இடைவெளியில் வேறொரு கண்காணிப்பு வந்து சேர்ந்தது. வீட்டுக்கான கட்டடங்களில் கடைகள் நடப்பதைப் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2006 மார்ச்சில் தானே ஒரு கண்காணிப்புக் குழுவை அமைத்தது. தெருத் தெருவாகக் கடைகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. பல வருடம் அங்கேயே பிழைத்த வியாபாரிகள் வீதிக்கு வந்து போராடினார்கள். வருடா வருடம் பார்த்துச் சரிசெய்திருக்க வேண்டியதை மொத்தமாக ஒரே நாளில் சரிசெய்யப் போனால் அடி விழுவது சாதாரண மனிதன் மேல்தான்.

2021 மாஸ்டர் பிளான் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. மறுஆய்வுக்கும் கண்காணிப்புக்கும் ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கினார்கள். ஒரு கண்காணிப்புப் பிரிவு தகவல் திரட்டி, முக்கியமான மாற்றங்களை ஆணையத்தின் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுஆய்வும் வேண்டும். காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கேட்க முடியாது. 2011-ல் இடைக்கால மறுஆய்வு தொடங்கி, மக்களிடம் கருத்தும் கேட்டார்கள், திருத்தங்களும் வந்தன. ஆனால் அது விதிகளைத் திருத்தும் வேலையாகவே பெரும்பாலும் முடிந்தது. இலக்கு இவ்வளவு, முடிந்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு என்று சாதாரண ஜனங்கள் வருடா வருடம் கையில் எடுத்துப் படிக்கும்படியான ஓர் அறிக்கை டெல்லியில் வழக்கமாகவில்லை.

எதை எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். வடக்கு டெல்லியின் நரேலாவைப் பாருங்கள். 2014-ல் டிடிஏ 25,000-க்கும் அதிகமான வீடுகளைக் குலுக்கலில் கொடுத்தது. நரேலா, ரோகிணி போன்ற இடங்களில் வீடு கிடைத்தவர்கள் போய்ப் பார்த்தார்கள்: அறை சிறியது, பஸ் வசதி குறைவு, பக்கத்தில் மெட்ரோ இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 2017-ல் டிடிஏ மறுபடி விற்பனைக்கு வைத்த சுமார் 12,000 வீடுகளில் பெரும்பாலானவை அப்படித் திரும்பி வந்தவைதான். கட்டிய வீடுகளை மட்டும் எண்ணும் அறிக்கையில் இது சாதனையாகத் தெரியும். குடியேறிய குடும்பங்களை எண்ணினால்தான் நிலைமை புரியும். நரேலா வழியாகச் செல்லும் மெட்ரோ பாதைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 டிசம்பரில்தான்.

எண்ணுவதற்கே அடிப்படை இல்லாத சிக்கலும் உண்டு. கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011-ல். அப்போது டெல்லியில் 1.68 கோடி பேர். 2021-ல் 2.3 கோடி பேர் இருப்பார்கள் என்றது மாஸ்டர் பிளான். ஆனால் 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. பிளான் சொன்னது பலித்ததா என்று சரிபார்க்க அரசிடமே எண் இல்லை.

லண்டனில் பிளானைக் கண்காணிக்கும் வேலையைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. 2004-ல் லண்டன் பிளான் வந்தபிறகு, அதன் முன்னேற்றம் குறித்த கண்காணிப்பு அறிக்கைகளை மேயர் அலுவலகம் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. 2021-ல் வந்த பிளான் வருடத்துக்கு சுமார் 52,000 வீடுகள் என்று இலக்கு வைத்தது. அதை எட்டாத வருடத்தில் எட்டவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும். சிங்கப்பூர் தன் மாஸ்டர் பிளானை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுஆய்வு செய்கிறது.

டெல்லியின் 2041 வரைவு 2021 ஜூனில் மக்கள் பார்வைக்கு வந்தது. சுமார் 33,000 ஆட்சேபங்களும் யோசனைகளும் குவிந்தன. 2023 பிப்ரவரியில் டிடிஏ அதை ஏற்று மத்திய அரசின் ஒப்புதலுக்கு அனுப்பியது. வரைவு வெளியானபோதே 2021 பாதி முடிந்திருந்தது. இந்த முறையும் தாமதம்தான்.

இது டெல்லியின் கதை மட்டுமில்லை. சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-ல் வந்தது, அதன் காலம் 2026-ஓடு முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது பிளானைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ, தயாரித்து வருகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 5,904 ஆக விரிவாக்க 2022-லேயே அரசாணை வந்தாயிற்று. மூன்றாவது பிளானின் வரைவு கைக்கு வந்தால், சென்னைவாசிகள் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் தங்கள் தெரு எந்த நிறத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. வருடா வருடம் கணக்குச் சொல்ல வேண்டியது யார், எந்த மாதத்தில், எதை எண்ணி என்று அதில் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதையே முதல் ஆட்சேபமாக எழுதி அனுப்புங்கள்.