கேட்டைத் திறந்தாங்க, வாக்காளர் பட்டியலைத் திறக்கலை

ஷெங்கன் விசா பத்தின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. ஐரோப்பாவுல ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்கு டவுன் பஸ் மாறுற மாதிரி போயிடலாம்னா, "நான் இந்த நாட்டுக்காரன்"னு சொல்றதுக்கு இனிமே என்ன அர்த்தம்?

இதுக்குப் பதில் சொல்ல நான் ஜெர்மனியையோ பிரான்ஸையோ எடுக்கப் போறதில்லை. லக்ஸம்பர்க்கை எடுக்கிறேன். 2023-ல அதோட மக்கள்தொகை சுமார் 6,60,000. மதுரை மாநகராட்சிக்குள்ளயே அதைவிட அதிகம் பேர் இருக்காங்க. ஆனா ஷெங்கன்கிறதே இந்த நாட்டுல இருக்கிற ஒரு கிராமத்தோட பேர்தான். மோசல் ஆத்தங்கரையில, பிரான்ஸும் ஜெர்மனியும் லக்ஸம்பர்க்கும் ஒண்ணா சந்திக்கிற இடம். 1985 ஜூன் 14-ல அஞ்சு நாடுகள் அந்த ஆத்துல நின்ன ஒரு படகுல உட்கார்ந்து ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. உண்மையில செக்கிங் நின்னது 1995 மார்ச்சில, அதுவும் ஏழு நாடுகளுக்கு இடையில. கையெழுத்துக்கும் அமலுக்கும் நடுவுல பத்து வருஷம். நம்ம ஐ.டி. ப்ராஜெக்ட் டெட்லைன் எல்லாம் பரவாயில்லைன்னு தோணுது.

இன்னைக்கு அங்க நிலைமை என்னன்னா, நாட்டுல குடியிருக்கிறவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு லக்ஸம்பர்க் குடியுரிமை கிடையாது. அவங்கள்ல பெரிய கூட்டம் போர்ச்சுகல்காரங்க. இது போதாதுன்னு பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியில குடியிருந்துக்கிட்டு தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வர்றவங்க 2 லட்சத்துக்கும் மேல. 2020-ல நாடு முழுக்க பஸ், ட்ரெயினை இலவசமாக்கினாங்க. ஆனா அந்த இலவசம் எல்லை வரைக்கும்தான், அதுக்கப்புறம் டிக்கெட் எடுக்கணும். எல்லை இல்லைன்னு சொல்ற ஊர்ல கோடு இப்படி வேற வேற இடத்துல வந்து எட்டிப் பார்க்கும்.

பெரிய கோடு வாக்குச்சீட்டுல இருக்கு. 1992-ல கையெழுத்தாகி 1993 நவம்பர்ல அமலுக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் "ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை"ன்னு ஒண்ணைக் கொண்டு வந்துச்சு. எந்த உறுப்பு நாட்டுலயும் போய் வாழலாம், வேலை பார்க்கலாம். நீங்க குடியிருக்கிற ஊரோட உள்ளாட்சித் தேர்தல்லயும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்லயும் ஓட்டுப் போடலாம். ஆனா அந்த நாட்டு நாடாளுமன்றத் தேர்தல்ல ஓட்டுப் போட முடியாது. எங்க பாஷையில சொன்னா, ரீட் ஆக்சஸ் கொடுத்தாங்க, ஊர் அளவுல ரைட் ஆக்சஸ்கூட கொடுத்தாங்க. அட்மின் பாஸ்வேர்டு மட்டும் பழைய ஆட்கள் கையிலயே இருக்கு.

வரி எவ்வளவு, பென்ஷன் எப்படி, பள்ளிக்கூடத்துல எந்த மொழி, இதெல்லாம் முடிவாகிறது அந்த நாடாளுமன்றத்துல. 2023 தேர்தல்ல லக்ஸம்பர்க் வாக்காளர் பட்டியல்ல இருந்தவங்க மூணு லட்சத்துக்கும் கம்மி. சின்னப் பசங்களைக் கழிச்சாலும், வரி கட்டிக்கிட்டு அங்கேயே வாழ்ற பெரியவங்கள்ல ஒரு பெரிய பங்கு வெளியில நிக்குது.

இதைச் சரி பண்ண 2015 ஜூன் 7-ல மக்கள்கிட்டயே கேட்டாங்க. குறைஞ்சது பத்து வருஷம் இங்க குடியிருந்து, ஏற்கனவே உள்ளாட்சி அல்லது ஐரோப்பியத் தேர்தல்ல ஓட்டுப் போட்ட வெளிநாட்டவருக்கு நாடாளுமன்ற ஓட்டு கொடுக்கலாமா? வேண்டாம்னு சொன்னவங்க 78 சதவீதம். ஷெங்கன்னு பேர் கொடுத்த நாடு!

"இனவெறி"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடலாம்தான். எனக்கு அது போதலை. இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மனி இந்த நாட்டை ஆக்கிரமிச்சு வெச்சிருந்தப்போ, 1941 அக்டோபர்ல ஒரு கணக்கெடுப்பு நடத்தினாங்க. நாடு, தாய்மொழி, இனம்னு மூணு கேள்வி. மூணுக்கும் "ஜெர்மன்"னு எழுதணும்ங்கிறது எதிர்பார்ப்பு. மக்கள் மூணுக்கும் "லக்ஸம்பர்க்"னு எழுதப் போறாங்கன்னு தெரிஞ்சதும் ஆக்கிரமிப்பாளர்கள் கணக்கெடுப்பையே கைவிட்டாங்க. அந்த மொழியைச் சட்டப்படி தேசிய மொழியா அறிவிச்சதே 1984-லதான், அதாவது ஷெங்கன் கையெழுத்துக்கு ஒரு வருஷம் முன்னாடி. கடைக்குப் போனா பிரெஞ்சு, பேப்பரைத் திறந்தா ஜெர்மன்னு வாழ்ற ஒரு சின்னக் கூட்டம், கடைசியா கையில இருக்கிறது ஓட்டுன்னு நினைக்கிறதுல ஒரு பயம் இருக்கு. நம்ம ஊர்ல மொழியைப் பத்தி இதே பயத்தைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கு அது புரியாம இருக்காது.

ஆனா பயம் புரியுதுங்கிறதுக்காக விளைவு நியாயமாகிடாது. 2008-ல போட்ட சட்டத்துல ஒரு வழி இருந்துச்சு. 1900 ஜனவரி 1-ல உயிரோட இருந்த ஒரு லக்ஸம்பர்க் மூதாதையரைக் காட்டினா, சந்ததிகள் குடியுரிமையைத் திரும்ப வாங்கிக்கலாம். பிரேசில்லயும் அமெரிக்காவுலயும் ஆயிரக்கணக்கானவங்க வாங்கினாங்க. அவங்க அங்கிருந்தே தபால்ல ஓட்டுப் போடலாம். லக்ஸம்பர்க் நகரத்துல இருபது வருஷமா கட்டட வேலை பார்க்கிற போர்ச்சுகல்காரர், பாஸ்போர்ட்டை வாங்காத வரைக்கும் போட முடியாது. கொள்ளுத்தாத்தாவோட பிறப்புச் சான்றிதழுக்கு இருபது வருஷ உழைப்பைவிட மதிப்பு அதிகமா?

இதுக்கு அரசாங்கம் 2017-ல ஒரு பதில் சொல்லுச்சு. ஓட்டை வெளிநாட்டவருக்குக் கொடுக்கலை, வெளிநாட்டவரைக் குடிமகனாக்குறதைச் சுலபமாக்குச்சு. ஏழு வருஷம் இருந்தது அஞ்சாச்சு, மொழித் தேர்வு உண்டு, பழைய பாஸ்போர்ட்டையும் வெச்சுக்கலாம். என்னைக் கேட்டா இது மோசமான தீர்வு இல்லை. ஆனா எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ்ல வீட்டு வாடகை கம்மின்னு அங்க குடியிருந்து தினமும் வந்து போற நர்சுக்கு இதுல எந்த வழியும் இல்லை. 2020 மார்ச்சில கோவிட் வந்து ஜெர்மனி தன் பக்கத்து எல்லையில செக்கிங் போட்டப்போ, லக்ஸம்பர்க் ஆஸ்பத்திரிகள் இந்த மாதிரி ஆட்களை நம்பித்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

இன்னொண்ணு. "ஐரோப்பியக் குடிமகன்"ங்கிறது தனியா நிக்கிற அடையாளம் இல்லை. அது ஒரு டிரைவ்ட் ஃபீல்டு, ஏதாவது ஒரு உறுப்பு நாட்டோட குடியுரிமையில இருந்து தானா வர்ற மதிப்பு. மூலத்தை அழிச்சா இதுவும் போயிடும். பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் அதுதான் ஆச்சு. பிரான்ஸ்ல ரொம்ப வருஷமா குடியிருந்த ஒரு பிரிட்டிஷ் பெண்மணிக்கு அங்க உள்ளாட்சி ஓட்டு போச்சு. வெளிநாட்டுல 15 வருஷத்துக்கு மேல இருந்ததால அப்போதைய பிரிட்டன் விதிப்படி அங்கேயும் ஓட்டு இல்லை. கோர்ட்டுக்குப் போனாங்க. 2022 ஜூன்ல ஐரோப்பிய நீதிமன்றம், நாடு வெளியேறினப்போவே ஒன்றியக் குடியுரிமையும் போயிடுச்சுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

இதே லாஜிக் வேற திசையில பாண்டிச்சேரி வரைக்கும் வருது. 1962-ல ஒப்பந்தம் அமலானப்போ பிரெஞ்சு குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பங்கள் இருக்காங்க இல்லையா, அவங்க வாரிசுகள் பிரெஞ்சுக் குடிமக்கள்ங்கிறதால ஐரோப்பியக் குடிமக்களும்கூட. சென்னையில இருந்து ப்ளூ கார்டுல போற ஐ.டி. ஆளுக்கு விசா, பர்மிட்னு வரிசை. பாண்டிச்சேரி பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர் நேரா போய் லக்ஸம்பர்க்ல வீடு பார்க்கலாம்.

அந்த ப்ளூ கார்டு ஆள் அஞ்சு வருஷம் அங்கேயே இருந்து, மொழித் தேர்வும் பாஸ் பண்ணினா, லக்ஸம்பர்க் ரெண்டு பாஸ்போர்ட்டுக்கும் ஓகே சொல்லும். இந்தியா சொல்லாது. வேற நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கின அன்னைக்கே இந்தியக் குடியுரிமை முடிஞ்சிடும். மிச்சம் கிடைக்கிறது ஓ.சி.ஐ. கார்டு. விசா இல்லாம வந்து போகலாம், ஓட்டு மட்டும் இருக்காது. அந்தக் கார்டுல வேற என்னெல்லாம் உண்டு, இல்லைங்கிறதை அடுத்த எபிசோடுல பார்ப்போம்.